ஊரே உங்களைத் தேட வேண்டுமா? மலையேறுங்கள்!

ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? தேர்தலில் நிற்கலாம்; செலவு தாங்காது. சினிமாவில் நடிக்கலாம், முகம் ஒத்துழைக்க வேண்டும். காசு அதிகம் செலவழிக்காமல், பயிற்சி எதுவும் எடுக்காமல், ஒரே நாளில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் புகைப்படத்தோடு இடம்பிடிக்க ஒரு வழி இருக்கிறது. எந்தத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு மலையில் ஏற வேண்டும். அவ்வளவுதான்.

கோயம்புத்தூர்க்காரன் என்பதால் எனக்குக் கைவசம் இருக்கும் மலை வெள்ளியங்கிரி. தென்கயிலாயம் என்பார்கள். பிப்ரவரியிலிருந்து மே வரை பருவம். சிவராத்திரிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் கூட்டம் அலைமோதும். பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை தாண்டினால் உச்சியில் சுயம்பு லிங்கம். கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உயரம். போகும் தூரம் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர்.

ஆறு கிலோமீட்டர் என்றதும் உங்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததே, அதுதான் எனக்கு வேண்டும். காந்திபுரத்திலிருந்து பீளமேடு போகிற தூரம்தான். ஆனால் பீளமேடு காந்திபுரத்துக்கு மேலே இல்லை.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். மூன்று முறை ஏறியிருக்கிறேன். ஒரு முறைகூட ஒழுங்காக இறங்கியதில்லை. மூன்றாவது முறை நடந்ததை வைத்தே இந்தக் கையேட்டை எழுதுகிறேன். ஏழு மலைக்கு ஏழு யோசனை. பர்வதமலை, சதுரகிரி, கொல்லிமலை என்று எங்கே போனாலும் செல்லுபடியாகும். வரிசை மாறாமல் கடைப்பிடித்தால் பலன் நிச்சயம்.

அடிவாரம்: வாயைத் திறக்காதீர்கள், பரணைத் திறங்கள்

எந்த மலை, எந்த வழி, யாரோடு, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களால் ஒரு சுவாரசியமும் கிடையாது. ஆறு மணிக்கு வருகிறேன் என்றவர் எட்டு மணிக்கும் வராவிட்டால் வீட்டில் போனை எடுத்துவிடுவார்கள். எங்கே தேடுவது என்றும் தெரிந்திருக்கும். ஆட்டம் அங்கேயே முடிந்தது. "பிரண்டு வீட்டுக்குப் போய்ட்டு வந்தர்றேன்" என்று சொல்லுங்கள். தேடுகிறவர்கள் முதல் நாள் முழுக்க நண்பர்களின் வீடுகளிலேயே தேடுவார்கள்.

அடுத்தது காலணி. நடந்து பழகிய ஷூவைத் தொடாதீர்கள். பரணில் ஏறி, பல வருடம் போடாத ஒன்றை எடுங்கள். என்னோடு வந்த அத்தை மகன் (என்னைவிட மூன்று வயது மூத்தவர், எனக்கு மச்சான்) அப்படித்தான் வந்தார். கல்யாணத்தின்போது வாங்கி ஒன்பது வருடம் பெட்டியிலேயே இருந்த ஷூ. பார்க்கப் புத்தம் புதுசு.

முதல் மலையில் பாதி ஏறியிருப்போம். பின்னால் சப்… சப்… என்று ஒரு சத்தம். ரப்பர் செருப்பு போட்ட யாரோ அவசரமாக வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் வரவில்லை. குனிந்து பார்த்தால் மச்சானின் வலது ஷூவில் சோல் முன்பக்கம் முழுக்கப் பிரிந்து, நாய் கொட்டாவி விடுவதுபோலத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. அவர் ஒரு படியில் உட்கார்ந்தார். சட்டையைத் தூக்கினார். அரைஞாண் கயிற்றை அவிழ்த்தார். ஷூவைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி ஒரு முடிச்சுப் போட்டார். எழுந்து பத்துப் படி ஏறியிருப்பார், இடது ஷூ கொட்டாவி விட்டது. இரண்டாவது அரைஞாண் யாரிடமும் இல்லை.

போடாமல் வைத்த ஷூவுக்கு இதுதான் கதி. அடியில் இருக்கும் மெத்தைப் பகுதியும் பசையும் காற்றிலுள்ள ஈரத்திலேயே வருடக்கணக்கில் மெல்ல இற்றுப்போகும். மேலே தோல் மட்டும் பளபளவென்று மின்னிக்கொண்டிருக்கும்.

அடிவாரத்தில் வனத்துறைக்காரர்கள் பையைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஸ்டிக்கர் ஒட்டி முன்பணம் வாங்குவார்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டுவந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். ஆள் திரும்பி வருவதற்கு முன்பணம் எதுவும் கிடையாது. அதனால்தான் பாட்டில்கள் பத்திரமாக வந்துவிடுகின்றன.

மூங்கில் தடி விற்பார்கள். வாங்கவே கூடாது. தடி ஊன்றினால் வயசாகிவிட்டது என்று நினைப்பார்கள். இறங்கும்போது அதே தடிக்கு என்ன விலை கேட்டாலும் கொடுப்பீர்கள். ஆனால் அங்கே விற்க யாரும் இருக்க மாட்டார்கள்.

முதல் மலை: இளவட்டத்தோடு மல்லுக்கட்டுங்கள்

முதல் மலை முழுக்கச் செங்குத்தான படிகள். எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மூன்று கல்லூரிப் பையன்கள் உங்களைத் தாண்டி ஓடுவார்கள். விடாதீர்கள். நாற்பத்தைந்து வயது, நாற்காலியில் பத்து மணி நேர வேலை, அடிவாரத்தில் சாப்பிட்ட மூன்று பூரி ஆகியவற்றைச் சுமந்துகொண்டு நீங்களும் ஓடுங்கள். முதல் அரை மணி நேரத்திலேயே இதயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டால் மீதி ஆறு மலைக்கு அதற்கு வேலை வைக்க வேண்டியதில்லை.

பக்கத்தில் ஒரு பெரியவர் "ஓம் நமச்சிவாய" என்று சொல்லிக்கொண்டு ஆமை மாதிரி ஏறுவார். அவரைப் பார்த்துச் சிரியுங்கள். ஏறும்போது பேச்சு வருகிற வேகம்தான் சரியான வேகம் என்று உடற்பயிற்சி நிபுணர்கள் சொல்வதை அவர் மந்திரமாகவே வைத்திருக்கிறார். முழுதாகச் சொல்ல முடிந்தால் நடக்கலாம். "நமச்" என்ற இடத்தில் மூச்சு நின்றால் உட்கார வேண்டும். இது தெரிந்துதான் முன்னோர் சொல்லிவைத்தார்களா என்று எனக்குத் தெரியாது. பெரியவர் எனக்கு முன்னால் உச்சிக்குப் போய்விட்டார் என்பது மட்டும் தெரியும்.

நெஞ்சை அழுத்துகிறதா? வலி இடது கைக்கோ தாடைக்கோ ஓடுகிறதா? சில்லென்று வியர்க்கிறதா? "வாயுத் தொல்லைங்க" என்று சொல்லி ஒரு சோடா குடித்துவிட்டு மேலே நடங்கள். அப்படியே செய்யச் சொல்லித்தானே இந்தக் கையேடு.

இந்த ஒரு பத்தியை மட்டும் சிரிக்காமல் எழுதுகிறேன். 2024 பருவத்தில் இந்த மலையில் பல பக்தர்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் மயங்கி விழுந்து இறந்தார்கள். இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிப்பது அதனால்தான். மலை மேலே ஆம்புலன்ஸ் வராது. நாலு பேர் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு, அதே படிகளில், ஒவ்வொன்றாக இறங்க வேண்டும்.

இரண்டாம் மலை: தண்ணீர் ஒரு வீண் சுமை

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. மூன்று லிட்டர் மூன்று கிலோ. இந்தக் கணக்கைப் போட்டதும் பாட்டில்களை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். மலையில்தான் சுனை இருக்கிறதே! பாம்பாட்டிச் சுனை இருக்கிறது. கைதட்டிச் சுனை இருக்கிறது. கை தட்டினால் தண்ணீர் வரும் என்று ஐதீகம். நம்பிப் போங்கள். கோடையில் எல்லாச் சுனையும் ஒரே மாதிரி ஊறாது என்பதையும், உங்களுக்கு முன்னால் ஆயிரம் பேர் அங்கே கை, கால், முகம் கழுவியிருப்பார்கள் என்பதையும் தாகம் எடுத்த பிறகு யோசித்துக்கொள்ளலாம்.

தாகம் எடுக்கும் வரை குடிக்காமல் இருப்பது இன்னும் நல்லது. ஏற்றத்தில் மணிக்கு அரை லிட்டராவது வேர்வையாகப் போகும். தாகம் தெரிவதற்குள் கால் பின்ன ஆரம்பித்திருக்கும். அதற்கப்புறம் ஒரே மூச்சில் இரண்டு லிட்டர் வெறும் தண்ணீரைக் குடியுங்கள். வேர்வையோடு உப்பும் போயிருப்பதால் தலை சுற்றும். கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கும். உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு, மோர், ஓஆர்எஸ் இதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போகிறவர்களுக்கு இந்த அனுபவம் வாய்ப்பதில்லை. பாவம்.

மூன்றாம் மலை: "இன்னுங் கொஞ்சந்தானுங்க"

மலையில் இறங்கி வருகிறவர்கள் பொய் சொல்வார்கள். இது பாவக் கணக்கில் சேராது. காலை ஒன்பது மணிக்கு ஒருவரைக் கேட்டேன்.

"ஏனுங், இன்னும் எவ்வளவு தூரமுங்?"

"இன்னுங் கொஞ்சந்தானுங்க. அந்தத் திருப்பந் தாண்டுனா வந்துருமுங்க."

பத்து மணிக்கு வேறொருவர். அதே பதில். பதினொரு மணிக்கு ஒரு சின்னப் பையன், "பக்கத்துலதான் சாமி" என்றான். எந்தத் திருப்பம் என்று யாருமே சொல்லவில்லை. அந்த மலையில் திருப்பங்களுக்குக் குறைவில்லை.

இதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-லேயே சொல்லிவிட்டுப் போனது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம். அதோடு, ஏறுகிற ஒவ்வொரு அறுநூறு மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். வெள்ளியங்கிரிக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு கிலோமீட்டருக்கு ஒன்றேகால் மணி நேரம். ஆயிரத்து இருநூறு மீட்டர் அளவுக்கு ஏற்றம், அதற்கு இரண்டு மணி நேரம். ஆக மூன்றேகால் மணி. இது எங்கும் உட்காராமல், சுக்குக் காபி குடிக்காமல், சோல் பிரியாமல் ஏறும் ஸ்காட்லாந்துக்காரருக்கு. நமக்கு இரண்டால் பெருக்கினால் சரியாக இருக்கும்.

இத்தனை மணிக்குள் உச்சி வராவிட்டால் எங்கே நின்றாலும் திரும்பிவிடுவது என்று அடிவாரத்திலேயே நேரம் குறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. நீங்கள் குறிக்காதீர்கள். குறித்தாலும், "இவ்வளவு தூரம் வந்துட்டு…" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை ஆரம்பியுங்கள். தமிழில் இந்த வாக்கியத்தை ஆரம்பித்தவர் யாரும் திரும்பியதில்லை.

நான்காம் மலை: பின்தங்கியவரைக் கழற்றிவிடுங்கள்

கூட்டமாகப் போகும்போது மெதுவாக நடப்பவர் ஒருவர் இருப்பார். அவர் வேகத்துக்கு எல்லோரும் நடந்தால் எல்லோரும் சேர்ந்து போய்ச் சேர்ந்துவிடலாம். அதில் என்ன சாகசம் இருக்கிறது?

இரண்டு சோலும் போய், வெறும் மேல்தோலை மாட்டிக்கொண்டு நடந்த மச்சான், நான்காவது மலையில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார். "நீங்க போய்ட்டு வாங்க மாப்பிள்ளை. நான் இங்கயே இருக்கறனுங்" என்றார். கொங்கு நாட்டில் மாமன் மச்சானை இப்படி விட்டுப் போவது மரியாதை இல்லை. போனேன்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது, கவனியுங்கள். பொதுப் பை அவர் தோளில் இருந்தது. இரண்டு ஜெர்கின், டார்ச், மீதித் தண்ணீர், கடலை மிட்டாய், பேண்டேஜ் எல்லாம் அதில். என் கையில் போன் மட்டும். வேகமாக நடப்பவர் வெறுங்கையோடு முன்னால் போக, சாமான் முழுக்க மெதுவாக வருபவரிடம் இருக்கும்படி பிரித்துக்கொள்வது இப்படித்தான்.

ஐந்தாம் மலை: பாதையை நம்பாதீர்கள்

எல்லோரும் போகிற தடம் சுற்றிச் சுற்றிப் போகும். புல்வெளிக்கு நடுவே நேராக மேலே ஏறும் ஒரு கோடு தெரியும். அது ஆட்கள் போன வழியா, மழைத் தண்ணீர் அரித்த வழியா, காட்டு மாடு போன வழியா என்று ஆராயாதீர்கள். பாதி வழி போனதும் பாறை வரும். மேலே போக முடியாது. கீழே பார்த்தால் தலை சுற்றும். அங்கே மலைத்தேனீ கட்டியிருந்தால் ஒரு பீடி பற்றவைத்துப் பாருங்கள், மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

பீடி என்றதும் இன்னொன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இதிலும் கேலிக்கு இடமில்லை. 2018 மார்ச் 11, தேனி மாவட்டம் குரங்கணி. கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ வளைத்தது. இருபத்து மூன்று பேர் இறந்தார்கள். நம் மலைகளில் ஏறும் பருவமும் புல் காயும் பருவமும் ஒன்றுதான். காய்ந்த புல்லில் தீ சரிவின் மேல்நோக்கி ஓடும்போது அதை முந்திக்கொண்டு மேலே ஓடிப் பிழைக்கலாம் என்று நினைக்க முடியாது. அந்த வருடமே தமிழக அரசு மலையேற்றத்துக்கு ஒழுங்குமுறை விதிகளைக் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் நாற்பது பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் வந்தது; அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு போகலாம். அனுமதி வாங்குவதென்றால் உங்கள் பெயர் ஒரு ஏட்டில் ஏறுகிறது என்று பொருள். இரவு ஏட்டைப் பார்ப்பவருக்கு ஒரு பெயர் திரும்பவில்லை என்று தெரியும்.

ஆறாம் மலை: குளித்துவிட்டுக் காற்றில் நில்லுங்கள்

ஆண்டிச் சுனையில் குளித்துவிட்டுத்தான் ஏழாம் மலை ஏற வேண்டும் என்பார்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். நான் குளித்தேன். அதில் தப்பில்லை. மாற்றுத் துணி நான்காம் மலையில் மச்சானின் பையில் இருந்ததுதான் தப்பு. நனைந்த பனியனோடு எழுந்து நின்றேன். மேலே மரம் கிடையாது, வெறும் புல்தான். காற்று நேராக வந்து எலும்பை எண்ணியது.

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். "கோயம்புத்தூர்ல என்னங்க குளிர்?" என்று ஒற்றைச் சட்டையோடு வருகிறவர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஈரமான பருத்தித் துணி உடம்புச் சூட்டை உறிஞ்சி எடுக்கும். காற்று அதை வாரிக்கொண்டு போகும். பனி பெய்யாத ஊரிலும் ஆள் விறைத்துப் போக இந்த இரண்டும் போதும்.

விறைப்பு எப்படி ஆரம்பிக்கும் என்று நேரில் பார்த்ததைச் சொல்கிறேன். சட்டையை எடுத்துப் போட்டேன். பொத்தானைப் பிடித்தேன். விரல் பிடித்திருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் விரலுக்கு அந்தச் செய்தி வரவில்லை. மூன்று முறை முயன்றேன். பொத்தான் ஓட்டைக்குள் போகவில்லை. பக்கத்தில் இருந்த ஒருவர், குழந்தைக்குப் போட்டுவிடுவதுபோல, என் சட்டையில் ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டார். தன் துண்டைக் கொடுத்து, "தலையத் தொடைங்க தம்பி, அந்தப் பனியனக் கழட்டியிருக்கோணும் மொதல்ல" என்றார். பிறகு எல்லாப் பொத்தானையும் கழற்றி, பனியனை உருவி, மறுபடியும் போட்டுவிட்டார். நடுக்கம், தடுமாறும் விரல், குழறும் பேச்சு. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் ஈரத்தைக் களைந்து, காற்றுப் படாத இடத்தில் உட்கார்ந்து, இனிப்பாக எதையாவது சாப்பிட வேண்டும். நீங்களோ செல்பி எடுக்க வேண்டும்.

ஏழாம் மலை: மேகத்தைப் படம் பிடியுங்கள்

உச்சிக்குப் போய்விட்டேன். சாமி கும்பிட்டாகிவிட்டது. பகல் இரண்டரை மணி. மேற்கே, கேரளப் பக்கம், கறுத்த மேகம் ஒன்று எழும்பி வருகிறது. கோடை மழை இப்படித்தான் மதியத்துக்கு மேல் வரும். விவரம் தெரிந்தவர்கள் மூட்டையைக் கட்டினார்கள். நான் போனை எடுத்தேன். வீடியோ, பனோரமா, மறுபடியும் வீடியோ.

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் மின்னல் உங்களுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அதாவது உங்களையும் தொடக்கூடிய தூரம். முகட்டை விட்டு உடனே இறங்க வேண்டும். தனி மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரமாவது மேலே போகக் கூடாது. இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, மொட்டை முகட்டில், சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருளாக நின்று, கையை வேறு தூக்கிப் போஸ் கொடுங்கள்.

மழை பெய்தால் ஓடையோரம் போய் வேடிக்கை பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இருக்காது; மேலே கொட்டிய மழை திடீரென்று வந்து சேரும். சதுரகிரியில் 2015 மே மாதம் அப்படித்தான் வெள்ளம் வந்து பக்தர்களை அடித்துக்கொண்டு போனது.

இறக்கம்

ஏழு மலைக்கு ஏழு யோசனை முடிந்தது. இறங்குவதற்கு யோசனை கிடையாது. மலைக்குப் போகிற எவருடைய திட்டத்திலும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கும். என்னுடையதும் அப்படியே இருந்தது.

மூன்றரை மணிக்கு இறங்கத் தொடங்கினேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்தில் தொடை வாங்கும். ஒவ்வொரு படியிலும் உடம்பின் எடை முழுவதையும் தொடைத் தசை பிடித்து நிறுத்த வேண்டும். நாலாயிரம் முறை பிடித்த பிறகு அது நடுங்கும். நடுங்குகிற காலோடு, களைத்த கண்ணோடு, நனைந்த கல்லில் வைக்கும் அடிதான் வழுக்கும். நான்காம் மலையில் மச்சான் உட்கார்ந்த கல் காலியாக இருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன். பதிலில்லை. போனில் டவர் இல்லை. நாள் முழுக்க டவரைத் தேடித் தேடியே போன் பாதி உயிரை விட்டிருந்தது. மீதியை நான் வீடியோவுக்குக் கொடுத்திருந்தேன்.

நம் ஊரில் அந்திக்குப் பொறுமை கிடையாது. சூரியன் விழுந்து அரை மணி நேரத்துக்குள் இருட்டு. மரத்தடியில் அதற்கும் முன்னால். இரண்டாம் மலையில் போன் வெளிச்சம் அணைந்தது. ஒரு படியில் உட்கார்ந்தேன். யானை நடமாடும் காடு என்று அடிவாரத்தில் படித்த பலகை அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேலேயிருந்து ஒரு வெளிச்சமும் ஒரு குரலும் வந்தன. "ஓம் நமச்சிவாய." காலையில் பார்த்த அதே பெரியவர், அதே வேகம், மூச்சு மாறவில்லை. கையில் டார்ச், தோளில் துண்டு, ஊன்றத் தடி. ஒன்றும் கேட்கவில்லை. தடியை என்னிடம் நீட்டினார். அவர் காலடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒன்பது மணிக்கு அடிவாரம் வந்து சேர்ந்தேன்.

அங்கே ஒரு கடைப் பெஞ்சில் மச்சான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் போன கொஞ்ச நேரத்தில், தன்னால் ஆகாது என்று தெரிந்து, இறங்கிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தோடு சேர்ந்து அவரும் இறங்கிவிட்டார். வனத்துறை ஆட்களிடம் என் சட்டை நிறம் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "சோல்தானுங்க போச்சு மாப்பிள்ளை. கால் இருக்குதல்ல" என்று இன்னொரு இட்லிக்குக் கை காட்டினார். எங்கள் இருவரில் அன்றைக்குச் சரியான முடிவெடுத்தவர் அவர்தான். உச்சியைப் பார்க்காமலே.

ஆகவே, செய்தியில் வர விருப்பமில்லாதவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. வீட்டில் வழியையும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போங்கள். பழகிய காலணி, இரண்டு லிட்டருக்குக் குறையாத தண்ணீர், உப்பும் இனிப்பும், உலர்ந்த மாற்றுத் துணி, டார்ச், விசில், ஒரு தடி ஆகியவை ஒவ்வொருவர் பையிலும் தனித்தனியாக இருக்கட்டும். போனை ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். திரும்பும் நேரத்தைக் கீழேயே குறியுங்கள். பின்தங்கியவரோடு நடங்கள். ஆபத்தென்றால் 108 அல்லது 112. டவர் இல்லையென்றால் மூன்று மூன்றாக விசில்.

வெள்ளியங்கிரிக்கு ஏழு மலை என்று சொல்வது பாதிக் கணக்கு. இறங்குவதையும் சேர்த்தால் பதினான்கு. பதினான்குக்கும் மூச்சு வைத்துக்கொண்டு ஏறுங்கள்.